வெயிட்லிஸ்ட்ல இருக்கேன்: ஏப்ரல் 15 வரைக்கும் எப்படித் தள்றது?

காவேரிக்கரை
மார்ச் 22, 2025, இரவு 11.48

வணக்கம். ஒரு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இன்னிக்குத் தூக்கம் வரல, எழுதிடறேன்.

ஊர் திருச்சி, உறையூர். எம்எஸ்சி மைக்ரோபயாலஜி முடிச்சிட்டு ஒன்றரை வருஷமா சென்னையில ஒரு லேப்ல புராஜெக்ட் வேலை. இந்த ஃபாலுக்கு அமெரிக்காவுல எட்டு இடத்துக்கு பிஎச்டி போட்டேன். ரெண்டு இடத்துல கெஞ்சி ஃபீஸ் விலக்கு வாங்கினேன், மத்ததுக்கெல்லாம் சம்பளத்துல இருந்துதான் போச்சு.

நிலவரம் இது. நாலு ரிஜெக்ட். ஒரு இடத்துல ஜனவரியில ஜூம் இன்டர்வியூ வெச்சாங்க, அதோட மூச்சு பேச்சு இல்ல. தெற்கு மாநிலம் ஒண்ணுல முழு ஃபண்டிங்கோட ஆஃபர். வடக்கே கனடா எல்லைகிட்ட ஒரு சின்ன டிபார்ட்மென்ட், அங்கயும் ஃபண்டிங்கோட ஆஃபர். எட்டாவது இடம்தான் நான் ஆசைப்பட்டது. எஸ்ஓபியை, அதான் ஏன் சேரணும்னு எழுதற கட்டுரையை, முதல்ல எழுதினதே அவங்களுக்காகத்தான். அங்க வெயிட்லிஸ்ட். "உங்கள் விண்ணப்பம் வலுவானது, இடம் ஏற்பட்டால் ஏப்ரல் நடுவில் தெரிவிப்போம்", அவ்வளவுதான் மெயில்.

அங்க காலை ஒன்பதுன்னா இங்க சாயங்காலம் ஆறரை. அவங்க ஆபீஸைப் பூட்டும்போது நமக்கு ராத்திரி ரெண்டரை. அந்த எட்டு மணி நேரம் போனைக் கீழ வைக்க முடியல. நேத்து 2.10க்கு தலையணைக்கு அடியில அதிர்ந்துச்சு. தடவித் தடவிக் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தா, பிரியாணிக்கு 60 ரூபாய் கூப்பன்.

அம்மா வெக்காளியம்மன் கோயில்ல சீட்டு எழுதி வெச்சிட்டு வந்துட்டாங்க. யூனிவர்சிட்டி பேரை என்கிட்ட ரெண்டு தடவை கேட்டுத் தமிழ்ல எழுதினாங்க. கூரையில்லாத அம்மன், மேல போறதுக்குத் தடை இல்லையாம்.

கேள்வி ரெண்டு. வெயிட்லிஸ்ட்ல இருந்து நிஜமாவே ஆள் எடுப்பாங்களா? நான் ஏதாவது எழுதிப் போடணுமா, இல்ல தொந்தரவுன்னு நினைப்பாங்களா?


கசப்புமருந்து
மார்ச் 23, காலை 7.15

எடுப்பாங்க, ஆனா உங்களை எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. வெயிட்லிஸ்ட்ங்கறது மரியாதையா சொன்ன ரிஜெக்ட்னு வெச்சுக்கிட்டு தெற்கு ஆஃபரை இன்னிக்கே எடுத்துக்கோங்க. தூக்கமாவது வரும்.


நாலாம்வருஷம்
மார்ச் 23, காலை 10.02

கசப்பு அண்ணன் சொல்றது பாதிதான் சரி. நான் மிட்வெஸ்ட்ல கெமிஸ்ட்ரி பிஎச்டி, பேர்லயே இருக்கு எத்தனாம் வருஷம்னு. எங்க டிபார்ட்மென்ட்ல அட்மிஷன் கமிட்டியில ஒரு ஸ்டூடன்ட் உட்காரலாம். போன வருஷம் நான் உட்கார்ந்தேன். ஃபைலை எல்லாம் கண்ணுல காட்டமாட்டாங்க, ஆனா கணக்குப் போடறதைப் பார்த்தேன்.

இருபது பேர் வேணும்னு வெச்சுக்குவோம். இருபது பேருக்கு மட்டும் ஆஃபர் அனுப்பினா பத்து பேர்கூட வரமாட்டாங்க, ஏன்னா நல்ல ஃபைல் எல்லாம் இன்னும் மூணு நாலு இடத்துலயும் நல்ல ஃபைல்தான். அதனால நாற்பது பேருக்கு அனுப்புவாங்க. நாற்பதுல முப்பது பேர் "சரி"ன்னுட்டா அஞ்சு வருஷத்துக்கு முப்பது பேருக்குச் சம்பளம் போடணும், டிபார்ட்மென்ட் திண்டாடிடும். அந்தப் பயத்துல கொஞ்சம் கம்மியா அனுப்பிட்டு, மிச்சத்துக்கு ஒரு வரிசை வெச்சுக்குவாங்க. நீங்க இருக்கறது அந்த வரிசை. உங்க ஃபைல்ல குறை இருந்தா ரிஜெக்டே பண்ணியிருப்பாங்க.

ஆனா இது ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரே வரிசை இல்ல. பல டிபார்ட்மென்ட்ல பிரிவு பிரிவா நிக்குது. இந்த வருஷம் வைராலஜி லேப்ல ரெண்டு பேர் வேணும், அதுல ஒருத்தர் வரலைன்னு எழுதிட்டார்னா, வரிசையில இருக்கற வைராலஜி ஆளைத்தான் கூப்பிடுவாங்க. அவருக்கு முன்னாடி நாலு இம்யூனாலஜி ஆள் நின்னாலும் கண்டுக்கமாட்டாங்க. அதனால "நான் எத்தனாவது"ன்னு கேக்கறதுல பிரயோஜனம் கம்மி. பிரிவு வாரியா எடுக்கறீங்களா, 15ஆம் தேதிக்கு அப்புறமும் வரிசை நகருமா, கிடைச்சா மத்தவங்களுக்கு உள்ள அதே ஃபண்டிங்தானா, இந்த மூணைக் கேளுங்க. கிராஜுவேட் கோஆர்டினேட்டர்னு ஒருத்தர் இருப்பார், அவருக்கு எழுதுங்க. புரொபசருக்கு வேண்டாம்.

ஏப்ரல் 15 ஏன்னு தெரியாதவங்களுக்கு: கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்னு ஒரு அமைப்பு. அதோட தீர்மானத்துல கையெழுத்துப் போட்ட யூனிவர்சிட்டிங்க, ஃபண்டிங்கோட கொடுத்த ஆஃபருக்கு ஏப்ரல் 15க்கு முன்னாடி பதில் சொல்லியே ஆகணும்னு ஸ்டூடன்டை நெருக்கக்கூடாது. நல்ல விதிதான். அதோட பக்கவிளைவு, எல்லாரும் கடைசி நாள் வரைக்கும் ஆஃபரை மடியில வெச்சிட்டு உட்கார்ந்திருப்பாங்க. மார்ச் முழுக்க வரிசை அசையாது. ஏப்ரல் 10க்கு மேலதான் நகர ஆரம்பிக்கும்.


சும்மாபாக்கிறேன்
மார்ச் 23, பகல் 1.30

எம்எஸ்க்கும் இந்த 15 உண்டா? எனக்கு ஒரு இடத்துல மார்ச் 31க்குள்ள டெபாசிட் கட்டச் சொல்றாங்க. ஃபண்டிங் எதுவும் இல்ல.


நாலாம்வருஷம்
மார்ச் 23, பகல் 2.05

இல்ல. ஃபண்டிங் இல்லாத எம்எஸ் ஆஃபருக்கு அந்தத் தீர்மானம் பொருந்தாது, அவங்க வெச்சதுதான் தேதி. இன்னும் ரெண்டு வாரம் டைம் வேணும்னு ஒரு மெயில் போடுங்க, நிறைய இடத்துல தருவாங்க. டெபாசிட் கட்டறதுக்கு முன்னாடி அது திரும்ப வருமான்னு பார்த்துக்கோங்க. பெரும்பாலும் வராது.


ஆத்தூர் அப்பா
மார்ச் 24, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். நான் மாணவன் அல்ல. வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் புள்ளியியல் பிஎச்டிக்கு விண்ணப்பித்து, அவளும் ஒரு இடத்தில் வெயிட்லிஸ்டில் இருக்கிறாள். மூன்று வாரமாகச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள். ரசம் ஊற்றினேனா மோர் ஊற்றினேனா என்றுகூடப் பார்ப்பதில்லை.

வீட்டில் நாங்கள் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். நேற்று "கவலைப்படாதே, நடக்கறது நல்லதுக்குத்தான்" என்றேன். எழுந்து போய்விட்டாள்.


காவேரிக்கரை
மார்ச் 24, இரவு 10.41

அங்கிள், "வந்துச்சா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. வந்தா நாங்களே தெருவுல ஓடி வந்து சொல்லுவோம். சித்தி, மாமா எல்லாருக்கும் மே மாசம்தான் தெரியும்னு ஒரே பொய்யாச் சொல்லி வெச்சிடுங்க. எங்க வீட்டுல அதைச் செய்யாம விட்டதால வாரம் மூணு போன் வருது. அதுல ஒருத்தர், "வெயிட்டிங் லிஸ்ட்டா, ஆர்ஏசி ஆயிடுச்சா?"ன்னு கேட்டார்.


உரும்பிராயான்
மார்ச் 25, காலை 6.50

தங்கச்சி, ஐயா, ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம். பேராதனையில கெமிஸ்ட்ரி செய்தனான். இப்ப அமெரிக்காவில மூண்டாம் வருஷம். என்ர கதையைக் கேட்டா உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

2022 மார்ச், ஏப்ரலில நான் வெயிட்லிஸ்டில இருந்தனான். நாடு இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வைஃபையும் அதோட போயிடும். போனை சார்ஜ் பண்ணுறதுக்கெண்டே கரண்ட் வாற நேரத்தை ஒரு மட்டையில எழுதிச் சுவரில ஒட்டி வைச்சிருந்தம். மார்ச் தொடக்கத்தில 200 சொச்சமாக இருந்த டொலர் ஏப்ரலில 300ஐத் தாண்டிட்டுது. விசாவுக்கு முதல் கட்டவேண்டிய செவிஸ் காசு 350 டொலர், எழுபதாயிரத்தில முடியவேண்டியது லட்சத்துக்கு மேல போச்சு.

எனக்குக் கையில வேற ஒரு ஆஃபர் இருந்தது. இனிச் சரிவராது எண்டு போட்டு 10ஆம் திகதி அதை ஏற்றிட்டன். 15ஆம் திகதி இரவு எட்டரை இருக்கும், அப்பாவின்ர மோட்டச்சைக்கிளோட பெற்றோல் கியூவில நிக்கிறன். எனக்கு முன்னால நாற்பது வாகனமாவது இருக்கும். அப்பத்தான் ஈமெயில் வருது: இடம் இருக்கு, 48 மணித்தியாலத்துக்குள்ள பதில் சொல்லுங்கோ. போனில ஆறு வீதம் சார்ஜ். பின்னால நிண்ட ஓட்டோக்கார அண்ணையிட்ட பவர் பேங்க் வாங்கித்தான் ரெண்டு மெயில் எழுதினனான்.

முதலாவது, ஏற்கெனவே ஏற்ற இடத்துக்கு. ஏற்றதை எழுத்தில விலக்கலாம். ரெண்டாவது, வரச்சொன்ன இடத்துக்கு. இந்த ஒழுங்கை மாத்தக்கூடாது. 15 தாண்டிப்போச்சுது எண்டாலும் முதல் ஏற்ற இடத்துக்கு விலகுறன் எண்டு எழுத்தில சொல்லிப்போட்டுத்தான் மற்றதைத் தொடவேணும்.

பெற்றோல் மட்டும் அண்டைக்குக் கிடைக்கேல்லை. பத்து வாகனம் இருக்கேக்க முடிஞ்சுபோச்சு.


கணக்கு வாத்தியார்
மார்ச் 25, இரவு 8.30

உரும்பிராய்த் தம்பி சொன்ன பெட்ரோல் வரிசையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. கல்லூரியில் கணிதம் எடுக்கிறவன் நான், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படும் இந்த அவஸ்தைக்கு 1962லேயே கணக்குப் போட்டாயிற்று. டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்று இரண்டு கணித அறிஞர்கள். கல்லூரிச் சேர்க்கையையும் திருமணப் பொருத்தத்தையும் ஒன்றாக வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அது தொடங்குவதே நாலாம்வருஷம் சொன்ன சிக்கலில்தான்: இடம் இவ்வளவு, அழைத்தவர்களில் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது, அதற்காக வெயிட்டிங் லிஸ்ட், அந்த லிஸ்ட்டால் இன்னும் குழப்பம். அவர்கள் சொன்ன வழி எளிது. யாரும் உடனே கடைசி முடிவு எடுக்க வேண்டாம். கையில் ஒன்றை மட்டும் தற்காலிகமாக வைத்துக்கொள். அதைவிட நல்லது வந்தால் பழையதை அப்போதே விட்டுவிடு. விட்ட இடம் அடுத்தவருக்குப் போகும். இப்படியே சுற்றினால் ஒரு கட்டத்தில் எல்லாம் படிந்து நின்றுவிடும். ஷேப்லிக்கு 2012இல் ஆல்வின் ராத்துடன் சேர்த்துப் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். கேல் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

நம் ஊரில் கேட் தேர்வு எழுதி ஐஐடி எம்டெக் போகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். ஆஃபர்களுக்குப் பதில் சொல்லும் சிஓஏபி என்ற பொதுத் தளத்தில் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றே பதில்: எடுத்துக்கொண்டு முடித்துக்கொள்கிறேன், வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், வேண்டாம், காத்திருக்கிறேன். இரண்டு இடத்தை ஒரே நேரத்தில் மடியில் வைத்திருக்க முடியாது. அமெரிக்காவில் டாக்டர்களின் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சிக்கு 1952 முதலே பொதுவான ஒரு பொருத்தும் முறை இருக்கிறது. பிஎச்டிக்கு மட்டும் அப்படி ஒன்று கிடையாது. அங்கே கணினி செய்யவேண்டிய வேலையை, நாலு ஆஃபர் வைத்திருக்கும் பிள்ளைகளின் மனசாட்சி செய்யவேண்டியிருக்கிறது. அது மெதுவாகத்தான் ஓடும்.


காவேரிக்கரை
மார்ச் 26, இரவு 12.15

எல்லாருக்கும் நன்றி. கோஆர்டினேட்டருக்கு ஒரு மெயில் எழுதி வெச்சிருக்கேன். ஆரம்பம் இப்படி: "சிறு வயதிலிருந்தே நுண்ணுயிர்களின் உலகம் என்னைக் கவர்ந்தது. உங்கள் புகழ்பெற்ற துறையில் சேர்வது என் வாழ்நாள் கனவு." இப்படியே ஒண்ணரைப் பக்கம் போகுது. சரியா இருக்கா?


நாலாம்வருஷம்
மார்ச் 26, காலை 8.40

சின்ன வயசை விடுங்க. டிசம்பர்ல அப்ளிகேஷன் போட்டதுக்கு அப்புறம் லேப்ல என்ன நடந்துச்சு?


காவேரிக்கரை
மார்ச் 26, காலை 9.10

பெருசா ஒண்ணும் இல்லையே. கூவம் தண்ணியில இருந்து ஒரு ஃபேஜ் எடுத்தோம். அதான், பாக்டீரியாவைக் கொல்ற வைரஸ். க்ளெப்சியெல்லாங்கற பாக்டீரியா மேல விட்டுப் பார்த்தோம். மொத ஆறு தடவை ஒண்ணுமே வரல. பிப்ரவரியில ஒரு நாள் காலையில இன்குபேட்டரைத் திறந்தா, பிளேட் முழுக்க மூடியிருந்த கிருமிப் படலத்துல அங்கங்க வழுக்கை விழுந்த மாதிரி வட்டம் வட்டமா தெளிவா இருந்துச்சு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு பாட்டில்ல தண்ணி மொண்டது நான்தான். மார்ச் மொத வாரம் அதை போஸ்டராப் போட்டோம்.


நாலாம்வருஷம்
மார்ச் 26, காலை 9.18

இதைவிடப் பெருசா என்னங்க வேணும்! இதைத்தான் எழுதணும். நாலே பத்தி. நான் இன்னும் வரத் தயாரா இருக்கேன்னு ஒரு வரி. டிசம்பருக்கு அப்புறம் நடந்தது இதுன்னு ஃபேஜ் கதை நாலு வரி. அந்த டிபார்ட்மென்ட்ல யாரோட வேலை இதுக்குப் பக்கத்துல இருக்கோ அவங்க பேர். கடைசியில அந்த மூணு கேள்வி. இடம் கொடுத்தா கண்டிப்பா வருவேன்னு எழுதலாம், ஆனா நிஜமா இருந்தாத்தான், அதுவும் ஒரே ஒரு இடத்துக்குத்தான். அனுப்பிட்டு மறந்துடுங்க. ரெண்டாவது மெயில் ஏப்ரல் 12 வரைக்கும் கிடையாது.


கசப்புமருந்து
மார்ச் 28, இரவு 7.55

உற்சாகத்தைக் கெடுக்கறேன்னு திட்டுவீங்க, இருந்தாலும் இந்த வருஷ நிலைமையை யாராவது சொல்லியாகணும். பிப்ரவரி 7ஆம் தேதி என்ஐஹெச், அதான் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கற அமெரிக்க அரசு அமைப்பு, ஒரு அறிவிப்பு விட்டுச்சு: ஆராய்ச்சி மானியத்துக்கு மேல கொடுக்கற மறைமுகச் செலவு இனிமே 15 சதவீதம்தான். பெரிய யூனிவர்சிட்டிங்க 50, 60ன்னு வாங்கிட்டு இருந்தவங்க. கட்டடம், கரண்ட், எலி வளர்க்கற கூடம், ஆபீஸ் சம்பளம் எல்லாம் அதுலதான் ஓடுது. கோர்ட் தடை போட்டிருக்கு, ஆனா பணம் எண்றவனுக்குப் பயம் வந்துட்டா வந்ததுதான். பிட்ஸ்பர்க்ல பிஎச்டி சேர்க்கையைக் கொஞ்ச நாள் நிறுத்தியே வெச்சாங்க. மாசசூசெட்ஸ்ல யுமாஸ் சான் மருத்துவப் பள்ளி, கொடுத்த ஆஃபரையே இந்த மாசம் திரும்ப வாங்கிடுச்சு. மைக்ரோபயாலஜி நேரா அந்தக் காத்துல நிக்கற பாடம். இருபது பேர் எடுக்கற இடத்துல பன்னெண்டுன்னு முடிவு பண்ணிட்டா, எட்டு பேர் வரலைன்னாலும் வரிசை நகராது. நாலாம்வருஷம் போட்ட கணக்கு நல்ல வருஷத்துக் கணக்கு.

நான் ஏன் இப்படிக் கசக்கறேன்னும் சொல்லிடறேன். 2019ல கையில இருந்த ஒரே ஆஃபரை விட்டுட்டு வெயிட்லிஸ்ட்டை நம்பினேன். "இன்னும் வாய்ப்பிருக்கிறது"ன்னு ஜூலை வரைக்கும் பதில் வந்துட்டே இருந்துச்சு. அப்புறம் அதுவும் வரல. கையில இருக்கறதை 15க்குள்ள பிடிச்சுக்கோங்க. அது மட்டும்தான் என் கோரிக்கை.


நாலாம்வருஷம்
மார்ச் 29, காலை 9.30

கசப்பு அண்ணே, இதுல உங்ககூட நான் சண்டைக்கு வரல. இந்த வருஷம் எங்க டிபார்ட்மென்ட்லயும் ஆஃபர் கம்மி.

காவேரிக்கரை, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வடக்கே அந்தச் சின்ன டிபார்ட்மென்ட் ஆஃபர், அங்க போவீங்களா?


காவேரிக்கரை
மார்ச் 29, இரவு 10.20

போகமாட்டேன். தெற்கு ஆஃபர்ல லேப் அதைவிட நல்லா இருக்கு, ஸ்டைபென்டும் அதிகம். ஆனா கையில இருக்கட்டுமேன்னு வெச்சிருக்கேன். 15 வரைக்கும் வெச்சுக்க உரிமை இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?


கணக்கு வாத்தியார்
மார்ச் 30, காலை 6.10

உரிமை இருக்கிறது அம்மா. ஆனால் நீ ஒரு வரிசையில் நிற்கிறாய், இன்னொரு வரிசையை நிறுத்தியும் வைத்திருக்கிறாய்.


காவேரிக்கரை
மார்ச் 30, காலை 7.45

சார், கோவத்துல எழுதறேன், மன்னிச்சிடுங்க. எட்டு கதவு தட்டினேன், ரெண்டு பேர்தான் திறந்தாங்க. அதுல ஒருத்தர் மூஞ்சில நானே சாத்தணுமா? கசப்பு அண்ணன் சொல்ற மாதிரி தெற்கு ஆஃபரையும் பிடுங்கிட்டா நான் எங்க போறது? நாலு அஞ்சு ஆஃபர் வெச்சிட்டு உட்கார்ந்திருக்காங்களே, அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.


கசப்புமருந்து
மார்ச் 30, காலை 8.20

இந்தப் பொண்ணு கேக்கறதுல நியாயம் இருக்கு. ஆஃபரையே திரும்ப வாங்கற வருஷத்துல ரெண்டாவதை விடுன்னு எப்படிச் சொல்றது? வாத்தியார் சார், உங்க கேல், ஷேப்லி கணக்குல காலேஜ்காரன் பேச்சு மாற மாட்டான். இங்க மாறறான்.


உரும்பிராயான்
மார்ச் 30, காலை 11.05

அப்ப தெற்குப் பக்கத்தாரிட்டயே கேளுங்கோவன். "இந்த ஃபண்டிங் உறுதிதானா, இந்த வருஷ நிலைமையால மாறுமா" எண்டு நேரடியா எழுதுங்கோ. இந்த வருஷம் எல்லாரும் கேக்கிறதுதான், ஆரும் பிழையா எடுக்கமாட்டினம். உறுதி எண்டு எழுத்தில வந்தால் வடக்கை விடலாம். வராட்டி வைச்சிருங்கோ, ஆரும் குறை சொல்லேலாது.


காவேரிக்கரை
ஏப்ரல் 3, இரவு 11.30

கேட்டேன். தெற்குல இருந்து டைரக்டரே எழுதினார்: முதல் வருஷம் டிபார்ட்மென்ட் பணம், மானியத்தை நம்பி இல்ல, அடுத்த வருஷங்களுக்கு டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப் உத்தரவாதம். எழுத்துல இருக்கு.

அதனால இன்னிக்கு ராத்திரி வடக்கு ஆஃபரை விட்டுட்டேன். போர்ட்டல்ல காரணம் கேட்டு ஒரு பட்டியல் வந்துச்சு: ஃபண்டிங், வேறு ஆஃபர், குடும்பம், இடம். குளிர்னு தனியா ஒண்ணு இல்ல. பட்டனை அமுத்த இருபது நிமிஷம் ஆச்சு. தங்கச்சி பக்கத்துல உட்கார்ந்து, "அக்கா, அமுத்தறியா, நான் அமுத்தட்டுமா?"ன்னுட்டே இருந்தா.

கொஞ்ச நேரத்துல அங்க கோஆர்டினேட்டர் அம்மா தனியா பதில் போட்டாங்க. நன்றி, முன்னாடியே சொன்னது பெரிய உதவி, எங்க லிஸ்ட்ல காத்திருக்கற ஒருத்தருக்கு இன்னிக்கே எழுதறேன்னு. அந்த "இன்னிக்கே"வை நாலு தடவை படிச்சேன். இவ்வளவு நாளா வெயிட்லிஸ்ட்னா எனக்கு மேல இருக்கற ஆளுங்கன்னுதான் நினைச்சிருக்கேன். எனக்குக் கீழயும் ஒருத்தர் போனைத் தலையணைக்கு அடியில வெச்சுத் தூங்கியிருப்பாங்கன்னு தோணவே இல்ல.

வாத்தியார் சார், அன்னிக்கு எழுதினதுக்கு ஸாரி.


கணக்கு வாத்தியார்
ஏப்ரல் 4, காலை 6.00

கோபப்படாமல் கணக்குப் படித்தவர் யாரும் இல்லை. தூங்கு.


காவேரிக்கரை
ஏப்ரல் 14, மாலை 6.40

புத்தாண்டு வாழ்த்து எல்லாருக்கும். இன்னிக்கு விசுவாவசு வருஷம் பொறந்திருக்கு. டிவியில பஞ்சாங்கம் படிச்சவர் என் ராசிக்கு வெளிநாட்டு யோகம்னார். அம்மா சவுண்டைக் கூட்டி வெச்சாங்க. மாங்கா பச்சடியில வேப்பம்பூ இந்தத் தடவை கொஞ்சம் தூக்கல்.

12ஆம் தேதி ரெண்டாவது மெயில் போட்டிருந்தேன். பதில் இப்பதான் வந்துச்சு: இதுவரை நகரவில்லை, எதுவும் உறுதி சொல்ல முடியாது, கையில் வேறு ஆஃபர் இருந்தால் எங்களுக்காக அதை விட வேண்டாம். நேர்மையா எழுதியிருக்காங்க. அதனாலேயே அழுகை வந்துச்சு.


காவேரிக்கரை
ஏப்ரல் 16, காலை 9.40

தெற்கு ஊர்ல ராத்திரி 11.59தான் கெடு, நமக்கு அது 16ஆம் தேதி காலை 10.29. நேத்து சாயங்காலத்துல இருந்து முழிச்சிட்டே இருந்தேன். ரெண்டு மணிக்கு மெயில் இல்ல. நாலு மணிக்கும் இல்ல. அஞ்சரைக்குப் பால்காரர் மணி அடிச்சார். ஏழு மணிக்கு இனிமே அங்க யாரும் ஆபீஸ்ல இருக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சே இன்னும் ரெண்டு மணி நேரம் பார்த்தேன். 9.15க்கு தெற்கு ஆஃபரை ஏத்துக்கிட்டேன்.

மெயில் வரலைன்னு இப்ப வருத்தமா, தூக்கமான்னு பிரிச்சுச் சொல்ல முடியல.


கசப்புமருந்து
ஏப்ரல் 16, காலை 9.52

நல்ல முடிவு. போனை ஹால்ல வெச்சிட்டுப் போய்ப் படுங்க.


ஆத்தூர் அப்பா
ஏப்ரல் 18, இரவு 8.05

இதை இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நேற்று அதிகாலை ஒன்றரை மணிக்கு என் மகளுக்கு வெயிட்லிஸ்டிலிருந்து இடம் வந்துவிட்டது. ஒரு மாணவர் கடைசி நாளில் விலகியதால் என்று கடிதத்திலேயே இருக்கிறது. எந்த ஊர்ப் பிள்ளையோ தெரியாது. வேறு எதையும் அவள் ஏற்றிருக்கவில்லை என்பதால் சிக்கல் இல்லை.

காவேரிக்கரை அம்மா, உனக்குக் கிடைக்காத நேரத்தில் இதைச் சொல்வது சங்கடமாக இருக்கிறது.


காவேரிக்கரை
ஏப்ரல் 18, இரவு 9.30

அங்கிள்! சங்கடம் எல்லாம் எதுக்கு? எனக்கும் இன்னிக்கு மெயில் வந்துச்சு, லிஸ்ட்டை மூடிட்டாங்களாம், இந்த வருஷம் அதுல இருந்து ஒருத்தரைக்கூட எடுக்கலையாம். சரி, நமக்கு மேல இருந்தவங்களும் உள்ள போகல.

இப்ப வீட்டுல வேற பிரச்சினை. அம்மா சீட்டுல எழுதி வெச்சது அந்த யூனிவர்சிட்டி பேர். கிடைச்சது வேற. புதுச்சீட்டு எழுதறதா, பழசை அடிச்சு எழுதறதான்னு கோயில்ல போய்க் கேக்கப் போறாங்க.


ஆத்தூர் அப்பா
ஜூன் 21, மாலை 5.10

மே 27இல் நிறுத்திய மாணவர் விசா நேர்காணல் பதிவை மறுபடி திறந்திருப்பதாகச் செய்தி பார்த்தேன். சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கவேண்டுமாம். மகளுக்கு யூனிவர்சிட்டியிலிருந்து விசாவுக்கான ஐ-20 படிவம் வந்துவிட்டது, செவிஸ் கட்டணமும் கட்டியாயிற்று, சென்னையில் தேதிதான் கிடைக்கவில்லை. உனக்கு?


காவேரிக்கரை
ஜூன் 21, இரவு 7.02

எனக்கும் இல்ல அங்கிள். மறுபடியும் ராத்திரி முழுக்க ரிஃப்ரெஷ்தான். பழகிடுச்சு. நேத்து விடிகாலை மூணரைக்கு ஒரு ஸ்லாட் கண்ணுல பட்டுச்சு, பாஸ்வேர்ட் தட்டி முடிக்கறதுக்குள்ள போயிடுச்சு. உங்க பொண்ணையும் அந்த நேரம் பார்க்கச் சொல்லுங்க. ஒருத்தருக்குக் கிடைச்சா இன்னொருத்தருக்கு உடனே சொல்லிடுவோம்.


ஆத்தூர் அப்பா
ஜூலை 9, இரவு 9.15

7ஆம் தேதி நேர்காணல் முடிந்தது, மகளுக்கு விசா வந்துவிட்டது. உனக்கு 16ஆம் தேதி என்று அவள் சொன்னாள். நல்லபடியாக முடியும். நாலாம்வருஷம் தம்பிக்கு ஒரு கேள்வி: குளிர்கோட்டை இங்கேயே வாங்கிவிடலாமா? சேலத்தில் ஒரு கடையில் 9,000 சொல்கிறார்கள்.


நாலாம்வருஷம்
ஜூலை 9, இரவு 11.20

வேண்டாம் சார், இங்க வந்து வாங்கட்டும், அங்க கிடைக்கறது இங்க இருக்கற குளிருக்குத் தாங்காது. பெட்டியில அந்த இடத்துல குக்கரை வைங்க. கேஸ்கெட் மட்டும் ரெண்டு கூட வாங்கிப் போடுங்க, அந்த அளவு இங்க தேடிப் பிடிக்கறது கஷ்டம்.